ஐந்தாவது குமிழி

தொழிற்சாலையில் அவளுடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் குமிழியக்கா. கழுவுமிடத்தில் வேலை பார்த்த மீசைக்காரர் அவளைவிட எட்டு வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். "உங்க வயசுக்கு நான் அக்காவா?" என்று ஒருமுறை கேட்டாள். "மரியாதை வயசுக்கு இல்லம்மா, பதவிக்கு," என்றார்.

பதவி என்றால் ஒரு முக்காலி, ஒரு தகரத் தொட்டி, எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். கடலுக்குப் போகிறவர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் காற்றடைத்த மிதவைச் சட்டைகளுக்கு அங்கே வால்வு செய்தார்கள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். பித்தளை உடம்பு, உள்ளே ஒரு ரப்பர் மூடி. ஊதிய காற்று திரும்பி வராமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. பிடித்து நிறுத்துகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஆறு வால்வுகளை ஒரு சட்டத்தில் மாட்டி, அளவான காற்றைக் குழாய் வழியே விட்டு, தொட்டித் தண்ணீரில் முக்கி, ஒரு நிமிஷம் பார்ப்பாள். நாலு குமிழி வரை வந்தால் பச்சைத் தட்டு. ஐந்தாவது வந்துவிட்டால் சிவப்புத் தட்டு.

ஆறு வாயிலிருந்து வருகிற குமிழிகளை ஒரே நேரத்தில் தனித்தனியாக எண்ணுவது லேசுப்பட்ட காரியமில்லை. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவள் அங்கே தரை பெருக்க வந்தவள். தொட்டி வேலை பார்த்தவர் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டார். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் கைத்தோல் வெடிக்கும் என்று வேறு யாரும் அந்த முக்காலிக்கு வரவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். முதல் மாதம் கண்ணை மூடினாலும் குமிழிதான். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு ஆறையும் ஒரு தாளம்போலப் பார்க்கப் பழகினாள். எந்தத் தாளம் தப்புகிறதோ அங்கே கண் தானாகப் போகும். யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர அங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது.

அப்படிப்பட்டவளின் கண்ணைத்தான் ஒரு வெள்ளிக்கிழமை புது சூப்பர்வைசர் சந்தேகப்பட்டான்.

கெட்டவன் இல்லை. முப்பது வயது இருக்கும். எதையும் கோடு போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டான். ஒரு கட்டம் போட்ட தாளைக் கொண்டுவந்து தொட்டி விளிம்பில் வைத்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இத கொஞ்சம் பாருங்க. திங்கட்கிழமை சிவப்புத் தட்டுல இருபத்திரண்டு. செவ்வாய் முப்பது. புதன் நாப்பத்தஞ்சு. நேத்து அம்பத்துமூணு. இன்னிக்கு அறுபத்தொண்ணு. மூணு மாசமா எல்லா வாரமும் இதே ஏத்தம்."

"வால்வு கெட்டிருந்தா சிவப்புக்குத்தானே தம்பி போகும்?"

"திங்கக்கிழமை செய்யற ஆளுங்கதான் வெள்ளிக்கிழமையும் செய்யறாங்க. அதே பித்தளை, அதே ரப்பர். வாரம் போகப் போகச் சோர்ந்து போறது..." முடிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

"என் கண்ணுங்கறீங்க."

"வயசாகுதுல்ல அக்கா. தப்பு ஒண்ணும் இல்ல. முதலாளி அடுத்த சனிக்கிழமை வர்றார். அவர்கிட்டச் சொல்லி உங்களை பேக்கிங்குக்கு மாத்திடலாம், உட்கார்ந்து பார்க்கற வேலைதான். உங்களுக்கும் கை காயும்."

கை காயும் என்று அவன் சொன்னது உண்மையான அக்கறையோடுதான். அதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது. "சனிக்கிழமைதானே? இன்னும் எட்டு நாள் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சட்டத்தை முக்கினாள்.

அன்று சாயங்காலம் நடந்து வீட்டுக்குப் போகும்போது தெருமுனைக் கடைப் பலகையின் சின்ன எழுத்தை ஒரு கண்ணை மூடிப் படித்துப் பார்த்தாள். மறு கண்ணையும் மூடிப் பார்த்தாள். இரண்டும் படித்தன. அப்படியானால் தாளில் இருந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது? அந்த எண்கள் பொய் இல்லை. அவளே போட்ட எண்கள்.

அவள் கணவர் வீட்டு முன்னறையிலேயே சலவைக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பெரிய தொட்டியில் ஒரு திரைச்சீலையை அலசிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் துணி பிழிந்தாள்.

"ரெண்டு நாளா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? வால்வு கடிச்சிடுச்சா?"

"பேசாம வேலையப் பாருங்க."

"வேலையத்தான் பார்க்கறேன்." அலசிய தண்ணீரைக் கையால் அள்ளி மேலேயிருந்து ஊற்றினார். குமிழிகள் எழுந்தன. விரலை மடக்கி எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... இன்னும் உயிரோட இருக்கு. சோப்பு போகல. இன்னொரு தண்ணி மாத்தணும்."

பிழிந்த துணி அவள் கையில் அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"இன்னொரு தண்ணி மாத்தணும்னேன்."

"அதுக்கு முன்னால."

"குமிழி உயிரோட இருக்குன்னேன். நல்ல தண்ணியில குமிழி மேல வந்ததும் உடைஞ்சிடும். சோப்பு இருந்தா உட்கார்ந்து கதை பேசும். முப்பது வருஷமா இதான் என் மீட்டர். ஏன், உன் ஆபீசுல குமிழி எப்படி?"

அவள் வெள்ளிக்கிழமை மத்தியானத் தொட்டியை மனதில் கொண்டுவந்து பார்த்தாள். குமிழிகள் மேலே வந்து உடைந்தனவா, நின்றனவா? இருபத்தொரு வருஷமாக அவள் குமிழி கிளம்புகிற இடத்தைத்தான் பார்த்திருக்கிறாள். போய்ச் சேருகிற இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை தொட்டிக்குப் புதுத் தண்ணீர் விட்ட நாள். வாரம் ஒருமுறைதான் மாற்றுவார்கள். காலையில் வால்வை முக்கியதும் மேலே பார்த்தாள். குமிழி உருண்டு திரண்டு, இப்படியும் அப்படியும் ஆடி ஆடி ஏறி, மேலே தொட்டதும் பட்டென்று போயிற்று. செவ்வாய் மாலையில் ஒரு நொடி நின்றது. புதன் காலையில் மூன்று எண்ணும்வரை நின்றது. அன்று இன்னும் இரண்டைக் கவனித்தாள். குமிழிகள் சின்னதாகிவிட்டிருந்தன. ஆடாமல், அவசரமில்லாமல், நேர் கோட்டில் ஏறின. முன்னெல்லாம் அக்கம்பக்கத்தில் வந்த இரண்டு முட்டிக்கொண்டால் ஒன்றாகிவிடும். இப்போது முட்டிக்கொண்டு, விலகி, தனித்தனியாகவே போயின.

தேநீர் வேளையில் மீசைக்காரரிடம் போனாள்.

"அண்ணே, கழுவற தண்ணி எப்ப மாத்தினீங்க?"

"தண்ணியா, மருந்தா? முன்னெல்லாம் மண்ணெண்ணெய்ல கழுவிட்டுத் துணியால துடைப்போம். இப்ப இந்தப் பச்சை சோப்பு வந்து மூணு மாசம் ஆச்சு. கமகமன்னு வாசனை. வீட்டுக்காரி முதல் தடவையா என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டா."

"சோப்பு போட்டப்புறம் எத்தனை தண்ணியில அலசறீங்க?"

"ஒண்ணு. ரெண்டுதான் இருந்துச்சு, குறைக்கச் சொல்லிட்டாங்க. ஏன், வாசனை வேணாமா உனக்கு?"

கூடையிலிருந்து ஒரு வால்வை எடுத்து இரண்டு விரலால் தேய்த்தாள். வழுக்கியது. ஈரம் சொட்டச் சொட்ட இந்தக் கூடை நாளுக்குப் பத்துமுறை அவள் தொட்டிக்கு வருகிறது. திங்கட்கிழமை தண்ணீராக இருப்பது வெள்ளிக்கிழமை சோப்புக் கரைசலாகிவிடுகிறது.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததை மட்டும் கொண்டுபோய் முதலாளி முன்னால் நிற்க அவள் தயாராக இல்லை. 'சோப்பு கலந்திருக்கு, அதனால குமிழி சின்னது' என்றால், 'உனக்கு அப்படித் தெரியுது' என்பார்கள். மறுபடியும் கண்ணில் வந்து நிற்கும். கண்ணே இல்லாதவனும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒன்று வேண்டும்.

அவள் மகள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையே அவளிடம் சொல்லி, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு இரண்டு வாங்கி வைத்திருந்தாள். கோடு போட்ட குழாய். புதன் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் இரண்டு கண்ணாடி ஜாடிகளை வைத்தாள். ஒன்றில் குழாயில் பிடித்த புதுத் தண்ணீர். மற்றதில் தொட்டித் தண்ணீர். சிரிஞ்சின் உள்தண்டை உருவிவிட்டு, நுனியை மெழுகால் அடைத்து, தண்ணீர் நிரப்பி, வால்வின் வாய்க்கு மேலே கவிழ்த்துப் பிடித்தாள். வருகிற குமிழி எல்லாம் உள்ளே ஏறி மேலே சேர வேண்டும். ஒரே வால்வு, ஒரே காற்று, பத்து நிமிஷம்.

புதுத் தண்ணீரில் முப்பத்தெட்டுக் குமிழி. தொட்டித் தண்ணீரில் எண்பத்தேழு.

சேர்ந்த காற்றைப் பார்த்தாள். இரண்டிலும் அதே கோடு. மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. நம்பாமல் மறுபடி செய்தாள். மூன்றாவது தடவை செய்யும்போது சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே மணி அடித்துவிட்டது.

வால்வு விடுகிற காற்று அதேதான். நல்ல தண்ணீர் வாயோரத்தில் குமிழியை இழுத்துப் பிடித்து, பெரிதாக்கித்தான் விடுகிறது. சோப்பு அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. அதனால் பாதி வளர்ந்ததுமே கழன்றுகொள்கிறது. ஒரு பெரிய உருண்டைக்குப் பதில் இரண்டு சின்ன உருண்டை. அவளோ உருண்டையை எண்ணியிருக்கிறாள். நாலு குமிழி என்பது நல்ல தண்ணீருக்குப் போட்ட விதி.

இத்தோடு நிறுத்தியிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அரைகுறையாக விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அன்றைய சிவப்புத் தட்டில் நாற்பத்துநாலு வால்வுகள் இருந்தன. எல்லாவற்றையும் வேலை முடிந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் மறுபடி பார்த்தாள். பன்னிரண்டு உண்மையாகவே ஒழுகின. இருபத்துமூன்று நாலுக்குள் அடங்கின. நல்ல வால்வுகள், வீணாகச் சிவப்பில் விழுந்தவை. அதுவரை கணக்கு அவள் நினைத்தபடியே வந்தது.

மிச்சம் ஒன்பது. அந்த ஒன்பதில் ஒரு குமிழிகூட வரவில்லை.

அது அவளுக்குப் பிடிக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் பத்து வந்தால் நல்ல தண்ணீரில் நாலோ ஐந்தோ வர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பூஜ்யம் வரக் கூடாது. ஒன்றை எடுத்துத் தொட்டியில் முக்கி, மூக்கு தண்ணீரில் படும்படி குனிந்து பார்த்தாள். குமிழி வாயிலிருந்து வரவில்லை. பித்தளை உடம்பின் பக்கவாட்டிலிருந்து, ஊசி முனைபோலப் பொடிப்பொடியாக ஒரு நூல் எழுந்தது. துடைத்துக் கண்ணருகில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எதுவும் தெரியவில்லை. வாளியில் முக்கினால் நூல் நின்றுவிட்டது. தொட்டியில் முக்கினால் மறுபடி கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டாள். "ரொம்பச் சின்ன ஓட்டைங்க. நல்ல தண்ணியில காத்து வரமாட்டேங்குது. சோப்புத் தண்ணியில வருது. உங்க தொழில்ல இந்த மாதிரி ஏதாவது உண்டா?"

"உண்டே. குடை. அந்தத் துணி முழுக்க ஓட்டைதான், ஆனா மழை இறங்காது. சோப்புப் போட்டு சரியா அலசாமக் குடுத்துப் பாரு, தலையில தண்ணி சொட்டும். ஒருத்தர் அந்தக் குடையோடயே நம்ம கடைக்கு வந்தார். எனக்கு அடி விழாததுதான் பாக்கி."

"தண்ணி தன்னையே இழுத்துப் பிடிச்சுக்குது."

"அப்படித்தான் வச்சுக்கயேன். சோப்பு விழுந்தா அந்தப் பிடி விட்டுப்போகும்."

தட்டைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். அந்த மிகச் சின்ன ஓட்டையின் வாயில் நல்ல தண்ணீர் தோல்போல இறுகி நின்று காற்றை மறித்திருக்கிறது. அவள் எதில் சோதித்தாளோ, அந்தத் தண்ணீரே ஓட்டைக்கு அடைப்பாக இருந்திருக்கிறது. ஆனால் மிதவைச் சட்டையில் இந்த வால்வு தண்ணீருக்கு மேலே, கழுத்தோரம், காய்ந்து கிடக்கும். அங்கே அடைக்க யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை மத்தியானம் தையல் ஓரம் சரியில்லை என்று ஒதுக்கிய காற்றுப் பைகளில் பத்தைக் கேட்டு வாங்கினாள். ஒன்பதில் அந்த ஒன்பது வால்வு. பத்தாவதில், வாளியிலும் தொட்டியிலும் ஒரு குமிழிகூட விடாத வால்வு. எல்லாவற்றையும் ஒரே அளவு ஊதி, நாளையும் மணியையும் எழுதி, கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டாள். மீசைக்காரர் வந்து பார்த்தார்.

"யாருக்குப் பிறந்தநாள் அக்கா?"

"எனக்கு. சனிக்கிழமை."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். தலை நரைத்த, குறைவாகப் பேசுகிற மனிதர். சூப்பர்வைசர் தன் தாளை வைத்தான். அவள் தன் ஜாடிகளை வைத்தாள்.

"தம்பி, நீங்களே எண்ணுங்க. நான் திரும்பி நின்னுக்கறேன்."

அவன் முக்காலியில் உட்கார்ந்து எண்ணினான். ஒரு தடவை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். ஒவ்வொரு ஜாடிக்கும் பத்து நிமிஷம். கடைசியில் முப்பத்தொன்பது என்றான் ஒன்றுக்கு. எண்பத்தைந்து என்றான் மற்றதற்கு. பிறகு ஜாடிகளைப் பக்கம் பக்கமாக நகர்த்தி, சிரிஞ்சுகளின் கோட்டைப் பார்த்தான். முதலாளியும் குனிந்து பார்த்தார்.

"காத்து ஒண்ணுதான்," என்றான் மெதுவாக. தன் தாளில் ஏறிப்போன கோட்டின் மேல் விரல் வைத்தான். "இது உங்க கண்ணு இல்லக்கா. தண்ணி. அளக்காமப் பேசிட்டேன்."

"அளந்துதான் பேசினீங்க தம்பி. வேற எதையோ அளந்துட்டீங்க."

முதலாளி நிமிர்ந்தார். "சரி, தண்ணிய தினம் மாத்துங்க. அலசறதும் பழையபடி ரெண்டு தடவை. அம்மா அவங்க இடத்துலயே இருக்கட்டும். அவ்வளவுதானே?" என்று எழுந்தார்.

மீசைக்காரர் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். "ஜெயிச்சாச்சு. அப்படியே வாயை மூடிட்டு வா."

அவள் அசையவில்லை. "இன்னும் முடியலைங்க ஐயா."

கயிற்றில் தொங்கிய பைகளிடம் கூட்டிப்போனாள். பத்தாவது பை வியாழக்கிழமை ஊதியபடி விறைப்பாக இருந்தது. மற்ற ஒன்பதில் இரண்டு லேசாக அமுங்கின. ஏழு துவண்டு தொங்கின. முதலாளி ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பார்த்தார்.

"இந்த ஒன்பதும் நல்ல தண்ணியில ஒரு குமிழிகூட விடலைங்க. புதுத் தண்ணியா இருந்திருந்தா நானே பச்சைத் தட்டுல போட்டிருப்பேன். பித்தளையில கண்ணுக்குத் தெரியாத துளை. சோப்பு விழுந்ததாலதான் காட்டிக் கொடுத்துச்சு."

"அப்போ இதுக்கு முன்னால?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. இருந்தாலும் பதில் நேராக வந்தது.

"முன்னால எல்லாம் நல்ல தண்ணிதான். இந்த மாதிரி வால்வு வந்திருந்தா என் தொட்டி விட்டிருக்கும். எத்தனைன்னு தெரியாது. தெரியாதுங்கறதுதான் கஷ்டமா இருக்கு."

சூப்பர்வைசர் அவளை ஒரு மாதிரி பார்த்தான். முதலாளி துவண்ட பையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே அம்மா. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"இதை மார்புல கட்டிக்கிட்டுத் தண்ணியில விழறவனுக்குத் தெரியுமே." கொஞ்சம் நிறுத்தினாள். "என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா ரெண்டு வேணும். இனிமே ரெண்டு தொட்டி. முதல்ல அளவு போட்ட சோப்புத் தண்ணி, துளை இருக்கான்னு பார்க்க. அப்புறம் அலசிட்டு நல்ல தண்ணி, எண்ணறதுக்கு. ரெண்டையும் தினம் காலையில புதுசா வைக்கணும். இன்னொண்ணு, கோடவுன்ல இருக்கற பெட்டி அத்தனையும் திரும்பி வரணும்."

"பதினாலு பெட்டி இருக்கு அக்கா," என்றான் சூப்பர்வைசர்.

"தெரியும். போய் எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"வெளியில போனது?" முதலாளி கேட்டார்.

"வாங்கினவங்களுக்கு எழுதணும். திருப்பி அனுப்பறதை நான் பார்த்துத் தர்றேன்."

முதலாளி பையைக் கயிற்றிலேயே விட்டார். சன்னல் பக்கம் திரும்பி நின்றார். மீசைக்காரர் தன் மீசையைத் தடவுவதை மறந்து நின்றார்.

"கடிதத்தை நான் எழுதறேன்," என்றார் கடைசியில். "என்ன ஆச்சுன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க. அந்தக் குடை உதாரணம் எல்லாம் வேணாம், தேவையானதை மட்டும்." குடையைப் பற்றி அவள் சொல்லக் கேட்டிருந்த மீசைக்காரர்தான் அவரிடம் வழியில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தார். "பேக்கிங்குக்கு வேற ஆள் பாருங்க."

திங்கட்கிழமை முக்காலிக்கு வலப்பக்கம் இன்னொரு தொட்டி வந்து உட்கார்ந்திருந்தது. எவ்வளவு தண்ணீருக்கு எத்தனை மூடி சோப்பு என்று அவள் சுண்ணக்கட்டியால் அதன் விளிம்பிலேயே எழுதினாள். பின்சுவரை ஒட்டிப் பதினாலு பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர், "ஆக, என் மீட்டரை எடுத்துக்கிட்டுப் போய் உனக்கே வேலை இழுத்து வச்சிருக்க," என்று சொல்லியிருந்தார்.

முதல் பெட்டியை உடைத்தாள். ஆறு வால்வுகளைச் சட்டத்தில் மாட்டினாள். சூப்பர்வைசர் ஒரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் தாள் இருந்தது. கோடு இன்னும் போடவில்லை.

சட்டம் சோப்புத் தண்ணீரில் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று சும்மா இருந்தன. நாலாவதின் இடுப்பிலிருந்து ஊசி முனைபோல ஒரு நூல் எழுந்து, ஆடாமல் நேராக மேலே வந்து, அங்கேயே நின்றது.

"எழுதிக்கோங்க தம்பி," என்றாள். அதைக் கழற்றிச் சிவப்புத் தட்டில் வைத்தாள். "முதல் பெட்டி, ஒண்ணு."